செசரீன் வீட்டுக்குப் பின்னால் போன ஆறு

லிசானை ஆறு என்று சொன்னால் கீழே சமவெளியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பனிப்பாறைக்கு அடியிலிருந்து அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் புறப்பட்டு, ரோன் நதியில் போய் விழும் வரைக்கும் அது ஓடுகிற தூரத்தை, நல்ல மாடு ஒன்று காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் நடந்துவிடும். ஆனால் அந்தத் தூரத்துக்குள் அது பார்க்கிற வேலை கொஞ்சநஞ்சமல்ல. மேலே புல்வெளிகளுக்குப் பாய வேண்டும். கஸ்பாரின் மர அறுவை மில்லில் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அதற்குக் கீழே மாவு அரைக்க வேண்டும். அதற்கும் கீழே, ஆர்வெல் பெண்கள் துவைக்கிற துணியையும் துவைத்துக்கொண்டே பேசுகிற பேச்சையும் சேர்த்து அலச வேண்டும். இத்தனையும் போதாதென்று, இரண்டு ஊர்களுக்கு நடுவே எல்லையாகவும் அதுதான் இருக்க வேண்டும். வலது கரை ஆர்வெல், இடது கரை மொரான். இத்தனை வேலை வாங்கினால் யாராக இருந்தாலும் ஒருநாள் கோபித்துக்கொண்டு கிளம்பத்தான் செய்வார்கள்.

ஜூன் மாதத் தொடக்கத்தில், மலைப்பனி உருகி மழையும் சேர்ந்துகொண்ட ஒரு விடியலில், லிசான் கிளம்பிவிட்டது.

செசரீன் காபிச் சக்கையைக் கொட்டப் பின்கதவைத் திறந்தாள். முட்டைக்கோஸ் பாத்தி இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு மறுபடி திறந்தாள். அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் புகுந்து முன்வாசலுக்குப் போனாள். அவள் பிறந்த நாள் முதலாக ஆறு இருந்த இடத்தில் ஈரக் கற்கள்தான் கிடந்தன. கற்களுக்கு நடுவே தேங்கிய குட்டையில், அறுவை மில் கஸ்பார் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆறு எங்க?"

"உன் வீட்டுக்குப் பின்னால போயிருச்சும்மா. மில்லுக்குப் போற வாய்க்கால் காஞ்சு, சக்கரம் நின்னுபோச்சு. சும்மா இருப்பானேன்னு மீன் பிடிக்க வந்தேன். இப்பதான் ஒண்ணு நழுவிருச்சு. கன்னுக்குட்டி சைஸு."

"கண்ணால பார்த்தீங்களா?"

"நான் எங்க பார்த்தேன்? அதுதான் என்னைப் பார்த்துச்சு."

இரண்டு ஊரிலும் கஸ்பாரைவிடப் பெரிய புளுகர் கிடையாது. அவர் பிடித்த மீன்கள் வாணலியில் வெந்து, வயிற்றில் செரித்த பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கும். அவர் மழை பெய்கிறது என்று சொன்னால் எங்கள் ஆட்கள் வெளியே கையை நீட்டிப் பார்ப்பார்கள்.

செசரீனுக்கு மீன் கவலை இல்லை. தொழுவத்துக்கு ஓடினாள். சுல்தானா எதுவும் நடக்காதது போல அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.

சுல்தானா அவளுடைய மாடு. எங்கள் பள்ளத்தாக்கின் கறுப்பு மாடுகள் பால் கொடுப்பதைவிட முட்டிக்கொள்வதில்தான் கெட்டிக்காரிகள். கோடை மேய்ச்சலுக்கு மலை ஏறுகிற நாளில், மேலே போய்ச் சேர்ந்ததும் தாங்களாகவே கொம்போடு கொம்பு பூட்டித் தள்ளிப் பார்ப்பார்கள். தோற்றவள் ஒதுங்கிவிடுவாள். கடைசிவரை ஒதுங்காதவள் ராணி. கோடை முழுக்க மந்தைக்கு முன்னால் அவள் நடப்பாள். அவளுடைய சொந்தக்காரர் அடுத்த ஜூன் வரை சர்ச்சிலும் மதுக்கடையிலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்.

போன வருடம் அப்படி நடந்தவர் ஆர்வெல் ஊர்த்தலைவர் பார்த்தலமி. அவருடைய மாடு வெனீஸ் முறைத்த முறைப்பிலேயே சுல்தானா திரும்பிவிட்டாள். அதோடு விட்டிருந்தால் செசரீன் மறந்திருப்பாள். அவளும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஆனால் பார்த்தலமி இரண்டு கோப்பை ஒயினுக்குப் பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அந்த மாட்டைக் குறை சொல்லி என்ன பண்றது? முட்டிப் பழக அந்த வீட்டுல யாரு இருக்கா?"

ஊர் சிரித்தது. கல்யாணம் செய்துகொள்ளாமல் ஐம்பதைத் தொட்ட செசரீன் அன்று வீட்டுக்கு வந்து, கதவைத் தாழ்போட்டுவிட்டு அழுதாள். மறுநாளிலிருந்து கறுப்பு ரொட்டியை ஒயினில் ஊறவைத்துச் சுல்தானாவுக்கு ஊட்டத் தொடங்கினாள். பனிக்காலம் முழுக்க ஏற்றப் பாதையில் நடத்தினாள். வசந்தத்தில் சுல்தானாவின் கழுத்து சர்ச் தூண் அளவுக்குத் திரண்டிருந்தது. பார்த்தலமி அந்தக் கழுத்தை வேலிக்கு வெளியே நின்று ஒருநாள் நீண்ட நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

ஆகவேதான், ஆறு இடம் மாறிய அன்று, வழக்கமாக எதற்கும் மத்தியானத்துக்கு மேல் வருகிற பார்த்தலமி காலையிலேயே கோட்டுப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு புது ஆற்றின் அந்தக் கரையில் வந்து நின்றார். பின்னால் பாதி ஊர் நின்றது.

"செசரீன்! மனசைத் தேத்திக்க. ஆறு தீர்ப்பு சொல்லிருச்சு."

"என்ன தீர்ப்பு?"

"நம்ம எல்லை எது? ஆறு. ஆறு எங்க? உன் வீட்டுக்கு இந்தப் பக்கம். அப்ப நீ எங்க? மொரான்ல."

"விளையாடாத. நேத்து வரைக்கும் நான் ஆர்வெல்காரி."

"நேத்து வரைக்கும்னு உன் வாயாலயே சொல்லிட்ட பாரு."

"சுல்தானா?"

"மாட்டுக்கும் அதேதான். மொரான் மந்தையோட மொரான் மலைக்குப் போகட்டும். அங்கயும் புல் இருக்கு. ஊர்க்கட்டுப்பாடும்மா, நான் ஒருத்தன் மாத்த முடியுமா?"

ஊரில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. காரணம் இருந்தது. பார்த்தலமியின் தாத்தா காலத்தில் இதே லிசான் ஒருமுறை எதிர்ப்பக்கம் குதித்து, மொரானின் பெரிய புல்வெளியை ஆர்வெலுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ஆறு போன இடமே எல்லை என்று அப்போது அடித்துச் சொன்னவர்கள் ஆர்வெல்காரர்கள்தான். அந்தப் புல்லைத் தின்றுதான் ஊர் மாடுகளில் பாதி வளர்ந்தன. இப்போது எந்த வாயால் மாற்றிப் பேசுவது?

"ஆத்தைத் திருப்பி விடலாமே!" என்றாள் செசரீன். "ஊரே கடப்பாரையோட இறங்கினா ரெண்டு நாள் வேலை."

"திருப்பாம விட்ருவமா? ஆனா முறைப்படி செய்யணும்ல. மேலிடத்துலேருந்து இன்ஜினியர் வரணும், பாதிரியார் மந்திரிக்கணும். எப்படியும் மாடெல்லாம் மலை ஏறினதுக்கு அப்புறம்தான்."

பார்த்தலமியின் மீசை நுனி துடித்தது. அவர் சிரிப்பை அடக்கும்போது மீசை அப்படித்தான் துடிக்கும் என்பது பள்ளிக்கூட பெஞ்சிலிருந்தே செசரீனுக்குத் தெரியும். இது ஆற்றின் தீர்ப்பு இல்லை, சுல்தானாவின் கழுத்தைப் பார்த்துப் பயந்த மனிதரின் தீர்ப்பு என்று அப்போதே புரிந்துகொண்டாள்.

பின்வாசல் பேச்சு முடிவதற்குள் முன்வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். மொரான் ஊர்த்தலைவர் உர்பான், காய்ந்த ஆற்றைச் சப்பாத்து நனையாமல் கடந்து, ஒரு முழு வட்டச் சீஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்கக்கா! நம்ம ஊருக்கு வந்திருக்கீங்க, சந்தோசம்."

"நான் எங்கயும் வரலை. என் வீட்டு வாசல்லதான் நிக்கிறேன்."

"சரிக்கா, ஊரு உங்ககிட்ட வந்திருக்கு. சுல்தானா எங்க மலைக்கு வரட்டும். எங்க மாடெல்லாம் சாது. முதல் நாளே ராணி ஆயிருவா."

"உங்க சாதுக்களை ஜெயிச்சு எனக்கு என்ன ஆகப் போகுது? என் சுல்தானா வெனீஸைத் தள்ளணும். அப்ப பார்த்தலமி மூஞ்சி போற போக்கை நான் பார்க்கணும். அவ்வளவுதான் நான் கேக்குறது."

சீஸை மட்டும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். நல்ல சீஸ்.

அடுத்த நாட்களில் ஆர்வெலின் பாடு திண்டாட்டமாகியது. மில்லுக்கும் துவைக்கும் தொட்டிக்கும் போகிற வாய்க்கால், செசரீன் வீட்டு வாசலில் இருந்த பழைய வளைவில்தான் பிரிகிறது. அது வறண்டதும் மாவு அரைபடவில்லை, பலகை அறுபடவில்லை. பெண்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு புது ஆற்றுக்குப் போனார்கள். புது ஆற்றுக்கு இன்னும் கரை என்று ஒன்று அமையவில்லை. எங்கே மண்டியிட்டாலும் சேறு. வெள்ளைத் துணி போட்டால் பழுப்பாக வந்தது, நீலத் துணி போட்டாலும் பழுப்பாகவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஊரே ஒரே நிறத்தில் வந்து நின்றதைப் பார்த்துப் பாதிரியார் ஏதோ திருநாளை மறந்துவிட்டோம் என்று பதறிப்போனார். இன்ஜினியர் எப்போது வருவார் என்று பார்த்தலமியைக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "வந்துக்கிட்டே இருக்காரு."

செசரீன் பின்வாசலில் உட்கார்ந்து புது ஆற்றைத் திட்டினாள், பிறகு பார்த்தலமியைத் திட்டினாள். திட்டி முடித்தபோது வெனீஸைக் கவனித்தாள்.

எதிர்க்கரையில் பார்த்தலமியின் புல்வெளியில் வெனீஸ் மேய்ந்துகொண்டிருந்தாள். மத்தியானம் ஆனதும் மேய்ச்சலை விட்டு, தண்ணீர் ஓரம் வந்து நின்று, செசரீன் வீட்டுப் பக்கத்தையே பார்த்தாள். பழைய கரையோரம் ஒரு தட்டைக் கல் உண்டு. ஆர்வெல் மாடுகள் எல்லாம் தண்ணீர் குடிக்க வரும்போது அந்தக் கல்லின்மேல்தான் உப்புத் தூவுவார்கள். அந்தக் கல் இப்போது இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. நோன்பு நாளில் மதுக்கடையைப் பார்க்கும் பாதிரியாரைப் போல வெனீஸ் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து நின்றாள்.

செசரீன் அன்று மாலையே மொரானுக்கு நடந்தாள்.

"உர்பான், அடுத்த ஊர் மாடு உங்க மண்ணுக்குள்ள வந்தா என்ன செய்வீங்க?"

"பட்டியில அடைப்போம். யோவான் திருநாள் முடிஞ்சாத்தான் விடுவோம். ரெண்டு ஊருக்கும் அதானே வழக்கம்?"

"யோவான் திருநாள் மாடு மலை ஏறினதுக்கு அப்புறம்தானே வருது?"

"ஆமா, அதுக்கு..." என்ற உர்பான் பாதியில் நிறுத்தினார். அவருக்கு எதுவும் சற்று மெதுவாகத்தான் ஏறும். ஏறியதும் தாடி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "ஐயோ அக்கா! நீங்க பேசாம எங்க ஊர்லயே இருந்துருங்க!"

"உங்க காவல்காரர் ஜெர்வேயை நாளைக்கு மத்தியானம் என் வீட்டுக்கு அனுப்புங்க. கயிறோட. காபி நான் போட்டுத் தர்றேன்."

மறுநாள் ஜெர்வே வந்து, காபி குடித்து, உர்பான் கொடுத்த சீஸிலேயே ஒரு துண்டும் தின்றார். செசரீன் உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்த் தட்டைக் கல்லின்மேல் தாராளமாகத் தூவினாள். தூவிவிட்டு டப்பாவை ஒரு குலுக்குக் குலுக்கினாள். அந்தச் சத்தம் எங்கள் மாடுகளுக்குக் கோயில் மணியைவிட நன்றாகத் தெரியும்.

வெனீஸ் ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. வயிறு நனைய ஆற்றில் இறங்கி, இந்தக் கரை ஏறி, செசரீனைத் தாண்டி நேராகக் கல்லுக்குப் போய் நக்கத் தொடங்கினாள். ஜெர்வே பின்னாலேயே போய்க் கழுத்து மணிப்பட்டையில் கயிற்றைக் கட்டினார்.

துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் போட்ட கூச்சலில் பார்த்தலமி சாப்பாட்டுத் துண்டு கழுத்தில் தொங்க ஓடி வந்தார். சப்பாத்தோடு ஆற்றில் இறங்கினார். பின்னால் ஆர்வெல் இறங்கியது. முன்பக்கம் மொரான் வந்து சேர்ந்தது. செசரீனின் வாசலில் அத்தனை பேர் கூடியது அதுவே முதல் தடவை.

"யோவ் ஜெர்வே! கயித்தை விடுய்யா! அது என் மாடு!"

"உங்க மாடுதான் தலைவரே, யாரு இல்லைன்னா? நிக்கிறது எங்க மண்ணு."

"உங்க மண்ணா? எவன் சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க," என்றார் உர்பான். "ஆறு தீர்ப்பு சொல்லிருச்சுன்னு. ஊரே கேட்டுச்சாமே!"

"யோவான் திருநாள் வரைக்கும் பட்டியிலயா? அதுக்குள்ள எங்க மந்தை மலை ஏறிருமேய்யா!"

"மனசைத் தேத்திக்க, பார்த்தலமி," என்றாள் செசரீன். இந்த வார்த்தைகளை அவள் அடுப்படியில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். "மொரான் பட்டியிலயும் புல் இருக்கு. ஊர்க்கட்டுப்பாடு. நீ ஒருத்தன் மாத்த முடியுமா?"

பார்த்தலமியின் முகம் சிவந்தது. ஜெர்வே இரண்டு கையையும் ஆட்டி எல்லை எங்கே போகிறது என்று விளக்க ஆரம்பித்ததில் கயிறு கீழே விழுந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. செசரீனுக்குப் பின்னால், கற்களின் பக்கம், கனத்த மணி ஒன்று குலுங்கியது. கூழாங்கற்கள் சறுக்கும் சத்தம் கேட்டது. தொழுவத்தைத் தாழ்போட மறந்துவிட்டோம், சுல்தானாவும் உப்புக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் திரும்பவில்லை. பார்த்தலமியின் முகம் அப்போதுதான் சிவப்பிலிருந்து ஊதாவுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒரு வருடமாக அவள் காத்திருந்த முகம் அது.

"ஆறு என்னய்யா பெரிய ஆறு!" என்று வெடித்தார் பார்த்தலமி. "இன்னைக்கு இங்க ஓடும், நாளைக்கு அங்க ஓடும். அதை நம்பி எல்லை போட முடியுமா? இது ஆர்வெல் மண்ணு! இந்த வீடு ஆர்வெல் வீடு! இவ ஆர்வெல்காரி!"

"மாடு?" என்றாள் செசரீன்.

"உன் மாடும் ஆர்வெல் மாடுதான்! போதுமா?"

உர்பான் தாடியைத் தடவினார். "ரொம்ப சரி. அப்ப உங்க தாத்தா காலத்துல ஆறு குதிச்சு உங்களுக்கு வந்த எங்க பெரிய புல்வெளி?"

"அது வேற."

"எப்படி வேற?"

"அது பெரிய வெள்ளம். இது சின்ன வெள்ளம்."

மொரான் முழுக்கச் சிரித்தது. ஆர்வெலும் சிரித்திருக்கும், புல்வெளி நினைவு வந்து அடக்கிக்கொண்டது. அப்போது பார்த்தலமியின் மனைவி பழுப்புத் துணி மூட்டையைத் தொப்பென்று அவர் காலடியில் போட்டாள்.

"புல்வெளியை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல ஆத்தைத் திருப்புங்க. இல்லைன்னா இனிமே உங்க சட்டையை இன்ஜினியர் வந்து துவைப்பார்."

மறுநாளே இரண்டு ஊரும் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கியது. கஸ்பார் மில்லில் கிடந்த மரங்களை உருட்டிக் கொடுத்தார். பழைய புல்வெளியைப் பற்றி யாரும் வாய் திறக்காமல் இருப்பதற்காகவே ஆர்வெல்காரர்கள் இரண்டு மடங்கு வேலை செய்தார்கள். கடைசிக் கல் விழுந்ததும் லிசான் கொஞ்சம் தயங்கி, பிறகு எதுவும் நடக்காதது போல வாசல் பக்கம் ஓடத் தொடங்கியது. முட்டைக்கோஸ் மட்டும் திரும்ப வரவில்லை.

மலை ஏறும் நாள் வந்தது. செசரீன் சுல்தானாவைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கடைசி ஒயின் ரொட்டியை ஊட்டி, தானும் ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு ஏறினாள். மேலே ஊரே வட்டமாக நின்றது. சின்ன மாடுகள் தள்ளிப் பார்த்து ஒதுங்கின. பிறகு வெனீஸும் சுல்தானாவும் நேருக்கு நேர் வந்தார்கள்.

வெனீஸ் சுல்தானாவை ஒரு பார்வை பார்த்தாள். கழுத்தைத் தாழ்த்தினாள். திரும்பி, நாலடி தள்ளிப் போய்ப் புல் மேய ஆரம்பித்துவிட்டாள்.

அவ்வளவுதான். சுல்தானா அவளைத் துரத்தக்கூட இல்லை. மாலைக்குள் மற்ற எல்லாரையும் தள்ளிவிட்டு ராணி ஆனாள். கொம்பில் பூ வளையம் ஏறியது. பாதிரியார் கை தட்டினார். ஆனால் பார்த்தலமி கோப்பையை உயர்த்திக்கொண்டு ஊரைப் பார்த்துச் சொன்னார்: "சண்டையே நடக்கலையே! என் வெனீஸ் எங்க தோத்தா? அவளுக்கு வயிறு சரியில்லை. யாரோ கிலோக்கணக்குல உப்பைத் தின்னக் கொடுத்திருக்காங்க."

அதுவும் நியாயம்தானே என்று ஊர் தலையாட்டியது.

செசரீனுக்கு அப்போதுதான் உறைத்தது. மாடு வளர்க்கிற யாருக்கும் தெரியும்: ஒருமுறை தள்ளிப் பார்த்து யார் பெரியவள் என்று முடிவு செய்துகொண்ட இரண்டு மாடுகள், அதே கோடையில் மறுபடி அந்த வேலையில் இறங்காது. அன்று உப்புக் கல்லருகே கனத்த மணி குலுங்கியது. கூழாங்கற்கள் சறுக்கின. எல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில் நடந்து முடிந்துவிட்டது. அப்போது அவள் பார்த்தலமியின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு உப்புக் கல்லுகிட்ட நடந்ததை யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டாள். "யாராவது ஒருத்தர்?"

இரண்டு ஊரும் அன்று பார்த்தலமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, பார்த்தலமி உர்பானை முறைத்துக்கொண்டிருந்தார்.

"நான் பார்த்தேன்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கஸ்பார். "குட்டையில மீன் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். என் கண்ணு முன்னாலதான் நடந்துச்சு."

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பார்த்தலமிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. "சாட்சி கிடைச்சாச்சு! ஏண்ணே, அந்த மீன் எவ்வளவு பெருசு?"

மறுநாள் சாயங்காலம் செசரீன் கஸ்பாரை வீட்டுக்கு அழைத்தாள். வாசலில், திரும்பி வந்த ஆற்றைப் பார்த்தபடி உட்கார வைத்து, மொரான் சீஸில் மிச்சம் இருந்ததை வைத்து, ஒயினும் ஊற்றினாள்.

"சொல்லுங்கண்ணே."

"ஒரு மணி நேரம்மா! கொம்பு மோதின சத்தத்துல மலையே கிடுகிடுத்துச்சு. வெனீஸ் சுல்தானாவைத் தூக்கி..."

"அண்ணே."

"சரி, அரை மணி நேரம். ரெண்டு பேர் மூக்குலயும் புகை..."

"அண்ணே! வெளியில யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் நிஜத்தைச் சொல்லுங்க."

கஸ்பார் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் செசரீன் அதுவரை பார்த்திராத ஒரு கூச்சம் வந்தது.

"ரெண்டு தள்ளும்மா," என்றார். "ரெண்டே தள்ளு. வெனீஸுக்குப் பின்னங்கால் குட்டையில இறங்கிருச்சு. உடனே திரும்பிட்டா. அப்புறம் ரெண்டும் சேர்ந்து உப்பு நக்குச்சுங்க."

செசரீன் ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பனிக்காலம் முழுக்க நடத்திய நடை, ஒயின் ரொட்டி, தாழ்போட்டு அழுத அழுகை, எல்லாம் சேர்ந்து ரெண்டு தள்ளு. துவைக்கும் தொட்டிப் பக்கமிருந்து பார்த்தலமியின் மனைவி யாரையோ திட்டுகிற சத்தம் தண்ணீரோடு கேட்டது.

பிறகு செசரீன் ஜாடியை எடுத்துக் கஸ்பாரின் கோப்பையை விளிம்பு வரை நிரப்பினாள்.

"அண்ணே," என்றாள், "அந்த ஒரு மணி நேரக் கதையையே சொல்லுங்க."